ஒரு ட்ரோன், இருநூறு தோட்டா, 143 கோடி ரூபாய் ஹெலிகாப்டர்

2025 ஜூலை மாதத்தில் மட்டும் ரஷ்யா உக்ரைன் மீது ஏவிய நெடுந்தூர ட்ரோன்கள் 6,297. உக்ரைன் விமானப்படை நாள்தோறும் வெளியிட்ட எண்களைக் கூட்டி ஏ.எஃப்.பி. செய்தி நிறுவனம் சொன்ன கணக்கு இது. சராசரியாக நாளொன்றுக்கு 203. அதே ஆண்டு செப்டம்பர் 7 விடிவதற்குள், ஒரே இரவில், 810 வந்தன. அவற்றில் வெடிமருந்து இல்லாத ஏமாற்று ட்ரோன்களும் கலந்திருக்கும். ஆனால் இருட்டில் எது வெற்று, எது வெடிக்கும் என்று பார்த்துச் சுட முடியாது. வருவதையெல்லாம் வீழ்த்தப் பார்க்க வேண்டும். எதைக் கொண்டு வீழ்த்துவது, அதற்கு என்ன செலவாகும் என்பதுதான் உக்ரைனின் அன்றாடத் தலைவலி.

முதலில் வருவதன் விலை. ஈரானில் பிறந்து, இன்று ரஷ்யாவில் 'கெரான்-2' என்ற பெயரில் தயாராகும் ஷாஹித்-136 மூன்றரை மீட்டர் நீளம், இரண்டரை மீட்டர் இறக்கை அகலம், சுமார் 200 கிலோ எடை கொண்டது. வாலில் 50 குதிரைத்திறன் எஞ்சின், மூக்கில் 50 கிலோ வெடிமருந்து. பிந்தைய வகைகளில் வெடிமருந்து 90 கிலோ வரை போகிறது. மணிக்கு 185 கி.மீ. வேகத்தில் மொபெட் போல இரைந்துகொண்டு வரும். இதன் அடக்கவிலை 20,000 முதல் 50,000 டாலர் வரை என்று பொதுவாக மதிப்பிடுகிறார்கள். ஈரான் தொடக்கத்தில் ரஷ்யாவுக்குக் கேட்ட விலையோ, கசிந்த ஆவணங்களின்படி, 6,000 ட்ரோன் வாங்கினால் ஒன்றுக்கு 1,93,000 டாலர். இந்தக் கட்டுரையில் 50,000 டாலரையே வைத்துக்கொள்கிறேன். டாலருக்கு 85 ரூபாய் என்றால் ரூ.42.5 லட்சம்.

இனி அதைத் தடுப்பதன் விலை. எல்லாமே ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறுகிற தோராய விலைகள்:

பேட்ரியாட் பேக்-3 எம்.எஸ்.இ. ஏவுகணை ஒன்று: 40 லட்சம் டாலர் (ரூ.34 கோடி).
ஹெல்ஃபயர் ஏவுகணை ஒன்று: 1,50,000 டாலர் (ரூ.1.27 கோடி).
லேசர் வழிகாட்டலில் பாயும் 70 மி.மீ. ராக்கெட் ஒன்று: 25,000 டாலருக்கு மேல் (ரூ.21 லட்சம்).
7.62 மி.மீ. தோட்டா ஒன்று: ஒரு டாலருக்கு உட்பட்டது (ரூ.85).

ஒரு பேட்ரியாட் ஏவுகணை விலையில் 80 ஷாஹித் செய்துவிடலாம். அதனால் ஷாஹித்தை பேட்ரியாட் கொண்டு அடிப்பது எந்த நாட்டுக்கும் கட்டுப்படியாகாது. கடைசி வரியில் இருக்கும் 85 ரூபாய்த் தோட்டாவால் அடிக்க முடிந்தால் எவ்வளவோ நல்லது. உக்ரைன் அதைத்தான் முதலில் செய்தது. பிக்கப் லாரிகளின் முதுகில் கனரக இயந்திரத் துப்பாக்கிகளைப் பொருத்தி, ட்ரோன் வரும் வழியில் நிறுத்தியது. ரஷ்யர்கள் அதற்கு மாற்று கண்டுபிடித்தார்கள்: ட்ரோன்களை 2,000, 3,000 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிவிட்டார்கள். தரையிலிருந்து சுடும் தோட்டா அங்கே எட்டாது. ஆகவே தோட்டாவை மேலே தூக்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. ஹெலிகாப்டர் இந்தக் கணக்குக்குள் வந்தது அப்படித்தான்.

உக்ரைனிடம் இருப்பவை பெரும்பாலும் சோவியத் காலத்து மி-8, மி-24 ரகங்கள். சரக்கும் ஆளும் ஏற்றும் மி-8-இன் பக்கக் கதவைத் திறந்து, அங்கே ஆறு குழல் கொண்ட எம்-134 துப்பாக்கியைப் பொருத்துகிறார்கள். இரவுப் பார்வைக் கருவி அணிந்த விமானி, ட்ரோனுக்குப் பின்னால் போய், பிறகு அதற்கு இணையாக ஒட்டிப் பறக்கிறார். கதவோரம் கட்டுப்பட்டு நிற்கும் வீரர் பக்கவாட்டில் குறி வைக்கிறார். எம்-134 நிமிடத்துக்கு 3,000 ரவுண்டு சுடும். நொடிக்கு 50. நான்கு நொடி விசையை அழுத்தினால் 200 தோட்டா, ரூ.17,000. மி-24-இல் வேறு ஏற்பாடு. மூக்கிலேயே 12.7 மி.மீ. துப்பாக்கி, 1,470 ரவுண்டு. அது சுடும் வேகத்துக்கு மொத்த இருப்பும் ஏறக்குறைய இருபது நொடிதான் தாங்கும். குறி பார்க்கும் கை நிதானமாக இருந்தாக வேண்டும்.

துரத்திப் பிடிப்பதும் ஒரு கணக்கு. மி-8-இன் உச்ச வேகம் மணிக்கு 250 கி.மீ. ஷாஹித்தைவிட 65 கி.மீ.தான் அதிகம். பத்து கிலோமீட்டர் பின்தங்கி இருந்தால் எட்டிப் பிடிக்க ஒன்பது நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் ட்ரோன் 28 கி.மீ. தாண்டிப் போயிருக்கும். 335 கி.மீ. வேகம் போகும் மி-24 நான்கே நிமிடத்தில் பிடித்துவிடும், ட்ரோன் 12 கி.மீ. கடப்பதற்குள். இந்த 16 கி.மீ. வித்தியாசத்தில் ட்ரோன் வயல்வெளியைக் கடந்து நகருக்குள் நுழைந்துவிடலாம். நகருக்கு மேல் சுட்டால் 50 கிலோ வெடிமருந்தும் யார் வீட்டின் மேலோ விழும், குறி தவறிய தோட்டாக்களும் விழும்.

ஒரு முறை பறக்க என்ன செலவு? மி-8 மணிக்கு ஏறக்குறைய 800 லிட்டர் எரிபொருள் குடிக்கும். எரிபொருளைவிட எஞ்சின், விசிறி, கியர்பாக்ஸ் தேய்மானம்தான் அதிகம். எல்லாம் சேர்த்து மணிக்கு 5,000 டாலர் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இரண்டு மணி நேரப் பறப்புக்கு ரூ.8.5 லட்சம். ஒரு ட்ரோனை வீழ்த்தினால், இரண்டு முறை சுட்ட தோட்டாவையும் சேர்த்து, ரூ.9 லட்சத்துக்குள் முடிந்துவிடும். ஐந்து இரவு பறந்து, நான்கு இரவு வெறுங்கையோடு திரும்பி, ஐந்தாம் இரவு ஒன்றை வீழ்த்தினாலும் செலவு ட்ரோனின் விலை அளவுதான். கடலிலும் இதே கணக்குதான். 2023 டிசம்பர் 9 இரவு செங்கடலில் பிரெஞ்சுப் போர்க்கப்பல் லாங்குடாக், ஹூதி கிளர்ச்சியாளர்களின் இரு ட்ரோன்களை ஆஸ்டர்-15 ஏவுகணைகளால் வீழ்த்தியது. ஒன்றின் விலை 10 லட்சம் யூரோ என்கிறார்கள். மூன்று மாதம் கழித்து, 2024 மார்ச்சில், அதே கடலில் இன்னொரு ட்ரோனை பிரெஞ்சுக் கடற்படை ஹெலிகாப்டர் ஒன்று இயந்திரத் துப்பாக்கியாலேயே சுட்டு வீழ்த்தியது. இஸ்ரேலின் அப்பாச்சி ஹெலிகாப்டர் ஈரானிய ட்ரோன் ஒன்றை 2018 பிப்ரவரியிலேயே வீழ்த்திக் காட்டியிருந்தது.

இதுவரை கணக்கு ஹெலிகாப்டர் பக்கம். ஆனால் ஏட்டில் இன்னும் எழுதாத பெரிய செலவு ஒன்று இருக்கிறது: ஹெலிகாப்டரே போய்விட்டால்?

இந்தியா 2008-இல் 80 மி-17வி-5 ஹெலிகாப்டர்களை 134.5 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. மி-8 குடும்பத்தின் புதிய வகை இது. ஒன்றுக்கு 1.68 கோடி டாலர், டாலருக்கு அதே 85 ரூபாய் என்றால் ரூ.143 கோடி. ஒரு ட்ரோனை வீழ்த்தினால், பறந்த செலவு போக நமக்கு மிச்சம் ரூ.34 லட்சம் என்று கொண்டால், ஒரு ஹெலிகாப்டரின் விலையை ஈடுகட்ட 420 ட்ரோன்களை வீழ்த்தியாக வேண்டும். அதற்கு முன்பே ஒன்றை இழந்தால் நட்டம். இதில் உள்ளே இருக்கும் மூவர், நால்வரின் உயிர் சேரவில்லை. அதற்கு நான் விலை போட மாட்டேன்.

இழப்பு வரும் வழிகளும் கூடிக்கொண்டே போகின்றன. ஐம்பது கிலோ வெடிமருந்தை அருகிலிருந்து சுடுவதே ஆபத்து. 2024 ஆகஸ்டில் ரஷ்யாவின் கூர்ஸ்க் பகுதியில் பறந்துகொண்டிருந்த மி-28 ஹெலிகாப்டர் மீது உக்ரைனின் சிறிய ட்ரோன் மோதியது. 2024 டிசம்பர் 31 அன்று கிரைமியாவுக்கு அருகே, ஆளில்லாத மகுரா படகிலிருந்து பாய்ந்த ஏவுகணை ரஷ்ய மி-8 ஒன்றை வீழ்த்தியதாக உக்ரைன் உளவுத்துறை அறிவித்தது. 2025 இறுதியில் ஷாஹித் ட்ரோனின் மேலேயே ஆர்-60 வான்வழி ஏவுகணையைப் பொருத்தி ரஷ்யா அனுப்பத் தொடங்கியது. துரத்தி வருகிறவரைத் திருப்பிச் சுடுவதற்கே அது.

சொந்தப் படையின் குண்டே பாயும் ஆபத்தை இந்தியர்கள் மறக்கக் கூடாது. 2019 பிப்ரவரி 27 காலை, பாலாகோட் தாக்குதலுக்கு மறுநாள், ஸ்ரீநகருக்கு அருகே பட்காமில் இந்திய விமானப்படையின் மி-17வி-5 விழுந்தது. விமானப்படையினர் ஆறு பேரும் தரையில் ஒரு பொதுமகனும் இறந்தார்கள். அதை வீழ்த்தியது நம் சொந்த ஏவுகணை. அது பெரிய தவறு என்று அன்றைய விமானப்படைத் தளபதி பதௌரியா அதே ஆண்டு அக்டோபரில் ஒப்புக்கொண்டார். தாழ்வாக, மெதுவாகப் பறக்கும் ஹெலிகாப்டர் ரேடாரில் ட்ரோனைப் போலவே தெரியக்கூடும். பட்காமில் நடந்தது பகல் வெளிச்சத்தில். நூற்றுக்கணக்கான ட்ரோன்கள் இருட்டில் பறக்க, நாலா பக்கமிருந்தும் ஏவுகணையும் தோட்டாவும் கிளம்பும் வானத்தில் நம் ஹெலிகாப்டரை அனுப்புவதானால், எந்தப் பாதையில் எந்த உயரத்தில் அது போகிறது என்பது ஒவ்வொரு வான் பாதுகாப்புப் பிரிவுக்கும் நொடி தவறாமல் தெரிந்திருக்க வேண்டும். 2025 மே 8 இரவு பாகிஸ்தான் 36 இடங்களை நோக்கி 300 முதல் 400 ட்ரோன்கள் அனுப்பியதாக நம் ராணுவமே சொன்னது. அதனால் இது நமக்குத் தொலைதூரத்துக் கதை இல்லை.

எண்ணிக்கையும் உதைக்கிறது. முப்பது ஹெலிகாப்டர் ஒரே இரவில் பறந்து, ஒவ்வொன்றும் மூன்று ட்ரோன் வீழ்த்தினாலும் 90. அந்த 810-இல் ஒன்பதில் ஒரு பங்கு. ஜெட் எஞ்சின் பூட்டிய கெரான்-3-ஐ மி-8-ஆல் துரத்தவே முடியாது. உதிரிபாகமும் எளிதில்லை. அமெரிக்கா தந்த 20 மி-17-உம், போலந்தும் செக் குடியரசும் தந்த மி-24-களும் வராமல் போயிருந்தால் உக்ரைனின் நிலை இன்னும் மோசமாகியிருக்கும். இவற்றுக்கெல்லாம் எஞ்சின் செய்யும் மோட்டார் சிச் ஆலை ஜப்போரிஷியாவில், போர்முனைக்கு வெகு அருகில் இருக்கிறது. அதையும் ரஷ்யா தாக்கியிருக்கிறது.

ட்ரோனின் விலையோடு மட்டும் ஒப்பிடுவது முழுக் கணக்காகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு ஷாஹித் போய் விழும் பெரிய மின்மாற்றியை மறுபடி செய்து வாங்க ஓராண்டுக்கு மேல் ஆகும். விழுவது குடியிருப்பு என்றால் பேச்சே இல்லை. அந்த இரவில் பறக்க ஹெலிகாப்டர் இருக்கிறதென்றால் பறக்கத்தான் வேண்டும். உக்ரைன் விமானிகள் செய்வது முற்றிலும் சரி.

ஆனால் ட்ரோனுக்காகவென்றே புதிதாக ஹெலிகாப்டர் வாங்குவது தவறு. உக்ரைனிலேயே செய்யப்படும் 'ஸ்டிங்' என்ற தடுப்பு ட்ரோன் சுமார் 2,500 டாலர், ரூ.2.1 லட்சம். மணிக்கு 300 கி.மீ.க்கு மேல் பாய்ந்து ஷாஹித்தில் மோதுகிறது, அதில் ஆள் இல்லை. ஒரு மி-17வி-5 விலைக்கு இவற்றில் 6,700 வாங்கலாம். இரண்டில் ஒன்று குறி தவறினாலும் 3,350 ட்ரோன்கள் விழும், அதாவது 2025 ஜூலையில் வந்தவற்றில் பாதிக்கு மேல். கையில் இருக்கும் ஹெலிகாப்டர்களைக் கதவில் துப்பாக்கியோடு பறக்க விடுங்கள். அடுத்த வரவுசெலவுத் திட்டத்துப் பணத்தைத் தடுப்பு ட்ரோனுக்கும், நம்முடையது எது எதிரியுடையது எது என்று பிரித்துக் காட்டும் ரேடார் வலைப்பின்னலுக்கும் கொடுங்கள்.