இறக்கத்தில் நியூட்ரல்: டீசலும் மிச்சமில்லை, பிரேக்கும் மிச்சமில்லை!

"பாலக்கோட்டிலிருந்து சேலத்துக்கு வாடகை லாரியில் தக்காளி ஏற்றிப் போகிறோம். தொப்பூர் இறக்கத்தில் டிரைவர் வண்டியை நியூட்ரலில் உருளவிடுகிறார். கேட்டால், 'டீசல் மிச்சம்' என்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அடிவயிறு கலங்குகிறது. இது சரிதானா?" - தர்மபுரி மாவட்ட வாசகர் ஒருவரின் கேள்வி.

சரியில்லை. உங்கள் பயம் நியாயமானது. தொப்பூரில் தர்மபுரியிலிருந்து சேலம் போகும் பக்கம்தான் இறக்கம். அங்கே லோடு லாரிகள் கட்டுப்பாடு இழந்து, முன்னால் போகும் வண்டிகள் மேல் மோதும் செய்தியை எத்தனை முறை படித்திருக்கிறோம்!

முதலில் டீசல் கணக்கு. வண்டி கியரில் இருக்கும்போது ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், இறக்கத்தில் சக்கரங்களே இன்ஜினைச் சுற்றும். அப்போது இன்ஜினுக்கு டீசல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில் போட்டாலோ, இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் எரிந்துகொண்டே இருக்கும். சிலர் இன்ஜினையே அணைத்துவிடுகிறார்கள். இது அதைவிட மோசம். ஏர் பிரேக்குக்குக் காற்று நிரப்பும் கம்ப்ரசர் இன்ஜினோடு ஓடுவது. அது நின்றபின், ஒவ்வொரு மிதிக்கும் டேங்கில் உள்ள காற்று குறையும். பவர் ஸ்டீயரிங்கும் கல்லாக இறுகிவிடும்.

நியூட்ரலில் வண்டியைப் பிடித்து நிறுத்த கால் பிரேக் மட்டுமே மிஞ்சுகிறது. 16 டன் எடையுள்ள வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கும்போது, அதைப் பிரேக்கால் மட்டுமே அடக்கினால், சுமார் 50 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவுக்குச் சூடு கிளம்பும். அத்தனையும் டிரம்மிலும் லைனரிலும்தான் இறங்கும். சூட்டில் டிரம் விரியும், லைனரின் பிடிப்பு குறையும். டிரைவர் முழுசாக மிதித்தாலும் வண்டி நிற்காது. வெங்காய லோடில் ஒருமுறை நான் அனுபவித்தது இது. முதலில் லைனர் கருகும் வாடை, பிறகு புகை. நல்லவேளை, அதற்குள் சமதரை வந்துவிட்டது.

அப்படியானால் எப்படி இறங்குவது? இறக்கம் தொடங்கும் முன்பே, மேலேயே வேகத்தைக் குறைத்து, அதே மேட்டை எந்த கியரில் ஏறுவோமோ அந்த கியரையோ அதற்கும் ஒன்று கீழேயோ போட்டுவிட வேண்டும். பாதி வழியில் கியரைக் குறைக்கப் பார்த்தால் விழாமல் போகலாம். வண்டி நியூட்ரலில் மாட்டிக்கொள்ளும். எக்ஸாஸ்ட் பிரேக் இருந்தால் அதையும் போட வேண்டும். அது புகைக்குழாயை அடைத்து இன்ஜினையே திணற வைக்கும். வண்டி தானாக மட்டுப்படும். கிளச்சை மிதித்தாலோ நியூட்ரலில் போட்டாலோ அது வேலை செய்யாது. மழையில் வழுக்கும் சாலையில் மட்டும் அதைப் போடக் கூடாது, பின்சக்கரம் சறுக்கும்.

அப்படியும் வேகம் கூடினால், பிரேக்கில் காலை வைத்துக்கொண்டே வரக் கூடாது. அழுத்தமாக மிதித்து, 10 கிலோமீட்டர் வேகம் குறைந்ததும் விட்டுவிட்டு, டிரம் ஆற நேரம் கொடுக்க வேண்டும். காற்று மீட்டரில் முள் இறங்கி பஸ்ஸர் கத்தினால், 'அடுத்த ஊரில் பார்த்துக்கலாம்' என்பது கூடாது. ஓரம்கட்டி, சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். காற்று இன்னும் இறங்கினால் ஸ்பிரிங் பிரேக் தானாகவே பிடிக்கும். ஆனால், கருகிய லைனரை வைத்து அது மட்டும் என்ன செய்யும்? சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தையும் விடுங்கள், வெடித்துவிடும்.

சொந்தமாக பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு: அதில் இருப்பது ஆயில் பிரேக். இன்ஜினை அணைத்தால் இரண்டு, மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கட்டையாகிவிடும். பழைய பிரேக் ஆயிலில் ஈரம் சேர்ந்திருக்கும். சூட்டில் அது கொதித்தால் பெடல் தரை தொடும். அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

டிராக்டரில் கரும்போ மண்ணோ ஏற்றுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நம் ஊர் டிரெய்லர்கள் பெரும்பாலானவற்றில் பிரேக்கே கிடையாது. இறக்கத்தில் கிளச்சை மிதித்தால் பின்னால் இருக்கும் லோடு டிராக்டரைத் தள்ளும். திடீரென பிரேக் போட்டால் டிரெய்லர் பக்கவாட்டில் மடக்கிவிடும். வயலில் தனித்தனியாக மிதிக்கும் இடது, வலது பிரேக் பெடல்களை, ரோட்டில் ஏறும் முன் கொக்கி போட்டு இணைத்துவிடுங்கள். உழவு முடிந்த அவசரத்தில் பலரும் மறப்பது இதைத்தான்.

கேள்வி கேட்ட வாசகருக்கு: டிரைவரிடம் சண்டை போட வேண்டாம். தொப்பூருக்கு முன்னால் ஒரு டீக்கடையில் நிறுத்தச் சொல்லி, "அண்ணே, இங்கிருந்தே கியர்ல இறக்குங்க. அரை மணி நேரம் லேட்டானாலும் பரவாயில்ல" என்று சொல்லிப் பாருங்கள். நேரத்துக்கு மண்டிக்குப் போகச் சொல்லி நாம் விரட்டுவதும் அவர் நியூட்ரலில் விட ஒரு காரணம்தானே?