பச்சை உடம்புக்காரியின் டீ

ஆம்பூரில் ஷூவின் மேற்பாகத்தைக் கையால் தைக்கும் வேலை பல வீடுகளுக்குள்ளேயே நடக்கிறது. ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. கம்பெனியில் வேலை பார்ப்பவளுக்குச் சட்டப்படி 26 வாரப் பேறுகால விடுப்பு உண்டு. வீட்டில் தைப்பவளுக்கு அது எட்டுவதில்லை. பச்சை உடம்போடு ஊசியை எடுப்பவளுக்குப் பசியை அடக்கவும் தூக்கத்தை விரட்டவும் டீதான் துணை. அந்த டீ, பால் வழியே பிள்ளையின் இதயத்தைப் பாதிக்குமா?

தாய் குடிக்கும் காஃபினில் சுமார் நூற்றில் ஒரு பங்குதான் பாலுக்குப் போகிறது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல்படி, 150 மில்லி டீயில் 30 முதல் 65 மில்லிகிராம் காஃபின் இருக்கிறது. அப்படியானால் ஒரு கோப்பையிலிருந்து பிள்ளைக்குச் சேர்வது ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. 1985-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தாய்மார் தினமும் 500 மில்லிகிராம் வீதம் ஐந்து நாள் எடுத்தும் பிள்ளைகளின் இதயத் துடிப்பிலோ தூக்கத்திலோ மாற்றம் தெரியவில்லை. சிறிய ஆய்வுதான், ஆனாலும் ஆறுதல் தருவது.

குறைமாதப் பிள்ளைக்கு மூச்சு நின்று நின்று வந்தால் மருத்துவர்கள் கொடுக்கும் மருந்தே காஃபின் சிட்ரேட்தான். ஒரு கிலோ எடைக்கு முதல் வேளையில் 20 மில்லிகிராம். அதில் பாதி காஃபின்; டீ குடித்த தாயின் பால் வழியே சேர்வதைவிடப் பல மடங்கு. துடிப்பு நிமிடத்துக்கு 180-ஐத் தாண்டினால் அடுத்த வேளையை நிறுத்திவைப்பது வழக்கம்.

எச்சரிக்கை வேண்டியது முதல் மூன்று மாதங்களில். பெரியவர் உடலில் ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் பாதியாகும் காஃபின், பிறந்த பிள்ளையின் உடலில் பாதியாக மூன்று, நான்கு நாள் ஆகும். ஈரல் இன்னும் முதிராததே காரணம். ஓயாமல் டீயும் காபியும் குடித்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, பிள்ளை தூங்காமல் சிணுங்கும், படபடக்கும். பாலூட்டும் தாய்க்கு நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் வரை பாதகமில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் சொன்னது. மூன்று டீ அதற்குள் அடங்கும்.

என்னைக் கேட்டால், இதில் அதிகம் கவலைப்பட வேண்டியது தாயைப் பற்றித்தான். சாப்பாட்டோடு குடிக்கும் டீ இரும்புச் சத்தை உடலில் சேரவிடாது. பிள்ளை பெற்று ரத்தம் குறைந்தவள் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீயைத் தவிர்க்க வேண்டும். சாப்பாட்டுக்குப் பதிலாக டீ என்பது கூடவே கூடாது.

பால் குடிக்கும்போது பிள்ளைக்கு வியர்த்துக் கொட்டினாலோ, மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ அது பிறவி இதயக் கோளாறாக இருக்கலாம். தாயின் டீயைப் பழி சொல்லி நாளைக் கடத்தாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.