தூக்குக்குண்டும் முதுகெலும்பும்



கொத்தனார் சுவர் எழுப்புவதைப் பார்த்திருப்பீர்கள். நாலைந்து வரிசை செங்கல் வைத்ததும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். நூலைவிட்டுச் சுவர் விலகியிருந்தால் உடனே தட்டிச் சரிசெய்வார். முதுகெலும்பைச் சரிசெய்யும் மருத்துவரும் இப்படி ஒரு தூக்குநூலைப் பார்த்துத்தான் வேலையைத் தொடங்குகிறார் என்றால் நம்புவீர்களா?

உங்கள் தெருவிலும், முன்னால் சாய்ந்து, முழங்காலை மடக்கி நடக்கும் முதியவர் ஒருவர் இருக்கக்கூடும். பத்தடி நடந்ததும் நின்று எதையாவது பிடித்துக்கொள்வார். எதிரே வருபவரின் முகத்தைப் பார்க்கவே சிரமப்பட்டுத் தலையைத் தூக்குவார். ‘வயதாகிவிட்டது’ என்று நாம் சொல்லிவிடுகிறோம். ஆனால் அவர் ஒவ்வொரு நொடியும் புவியீர்ப்போடு போராடிக்கொண்டிருக்கிறார். அந்தப் போராட்டத்தை உங்கள் இயற்பியல் பாடத்தைக் கொண்டே அளந்துவிடலாம்.

எலும்புக் கோபுரம்

கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5 என 24 முள்ளெலும்புகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. அவற்றுக்கிடையே மெத்தை போன்ற இடைத்தட்டுகள் உண்டு. இளமையில் இத்தட்டின் நடுப்பகுதியில் ஏறத்தாழ 80 விழுக்காடு நீர்தான். வயது ஏற ஏற நீர் குறைகிறது. தட்டு தேய்ந்து தாழ்கிறது. ஒரு பக்கம் அதிகமாகத் தேய்ந்தால் தொடர் பக்கவாட்டில் வளையும். முன்புறம் தேய்ந்தால் முன்னால் சாயும்.

முதுகெலும்பைப் பின்னாலிருந்து பார்த்தால் நேராகத் தெரியும். பக்கவாட்டில் பார்த்தால் கழுத்திலும் இடுப்பிலும் உட்குழிவு, மார்பில் புடைப்பு. இந்த வளைவுகளால்தான் தலை இடுப்புக்கு நேர்மேலே நிற்கிறது. இடுப்பின் உட்குழிவு மறைந்தால் மேலுடல் முழுவதும் முன்னுக்கு வந்துவிடும்.

கணக்குப் போடுவோமா?

ஒருவரின் மேலுடல் எடை 30 கிலோ எனக் கொள்வோம். அதன் புவியீர்ப்பு மையம் இடுப்புத் தட்டுக்கு 2 செ.மீ. முன்னால் இருக்கிறது. முதுகுத் தசை தட்டுக்கு 5 செ.மீ. பின்னால் இழுக்கிறது. திருப்புத்திறன்கள் சமமாக வேண்டுமானால் தசை இழுக்க வேண்டியது 30 × 2 ÷ 5 = 12 கிலோ எடை. இப்போது மையம் 10 செ.மீ. முன்னால் நகர்ந்ததாகக் கொள்ளுங்கள். தசை 60 கிலோ எடைக்கு இழுக்க வேண்டும்! உடல் எடையும் தசையின் இழுப்பும் சேர்ந்து தட்டை அழுத்துவதால், அதன்மேல் விழும் சுமை 42 கிலோவிலிருந்து 90 கிலோவாக உயர்கிறது. நாள் முழுவதும் இப்படி இழுத்தால் எந்தத் தசைதான் களைக்காது? தேய்ந்த தட்டு மேலும் தேய்கிறது. சாய்வு மேலும் கூடுகிறது.

நேராக்கினால் போதுமா?

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பால் ஹாரிங்டன் என்னும் மருத்துவர், இளம்பிள்ளைவாதத்தால் முதுகு வளைந்த சிறுவர்களுக்காக எஃகுத் தண்டு ஒன்றை உருவாக்கி, 1962-இல் அம்முறையை வெளியிட்டார். இருமுனைகளிலும் கொக்கி மாட்டி முதுகெலும்பை நீட்டி நிமிர்த்துவது அவர் முறை. பக்கவாட்டு வளைவு குறைந்தது, மாபெரும் முன்னேற்றந்தான். ஆனால் தண்டு இடுப்புவரை நீண்ட சிலருக்கு, தேவையான உட்குழிவும் சேர்ந்து தட்டையாகிவிட்டது. பல ஆண்டுகளுக்குப் பின் அவர்கள் முன்னால் சாயத் தொடங்கினார்கள். நேராக்குவது வேறு, சமநிலைப்படுத்துவது வேறு என்னும் பாடத்தை மருத்துவ உலகம் கற்றது இப்படித்தான்.

எனவே இன்று நோயாளியை நிற்க வைத்துப் பக்கவாட்டு எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கிறார்கள். கழுத்தின் கடைசி எலும்பிலிருந்து நேர்கீழாக ஒரு கோடு வரைகிறார்கள். அது இடுப்படி எலும்பின் மேல் விளிம்பைவிட 5 செ.மீ.க்கு மேல் முன்னால் விழுந்தால் சமநிலை கெட்டது என்பது பொதுவான அளவு. முதியவர்களுக்குச் சற்றுக் கூடுதலாகவே அனுமதிப்பார்கள்.

அறுவையின்போது முள்ளெலும்புகளில் திருகாணிகளைப் பதித்துத் தண்டுகளால் இணைக்கிறார்கள். வளைவு இறுகிப் போயிருந்தால், ஓர் எலும்பின் பின்புறத்திலிருந்து ஆப்பு வடிவில் ஒரு துண்டை எடுத்துவிட்டு, அந்த இடைவெளியை மூடுகிறார்கள். ஓரிடத்தில் ஆப்பு எடுத்தாலே சுமார் 30 பாகை நிமிரும்! பக்கத்திலேயே தண்டுவடம் இருப்பதால், அதன் வழியே மின் குறிப்புகள் ஒழுங்காகச் செல்கின்றனவா என்று கவனித்துக்கொண்டே இருப்பார்கள்.

எலும்புக்கும் உலோகத்துக்கும் பந்தயம்

ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிந்துவிடும் அல்லவா? முதுகில் வைத்த தண்டுக்கும் அதே கதிதான். ஒவ்வோர் அடி நடக்கும்போதும் அது சிறிது வளைகிறது. ஆகவே முள்ளெலும்புகளுக்கிடையே எலும்புத் துணுக்குகளை வைத்து அவற்றை ஒன்றாக வளரச் செய்கிறார்கள். தண்டு, கான்கிரீட் இறுகும்வரை தாங்கும் சாரம் போன்றது. எலும்பு முந்தினால் வெற்றி. உலோகம் முந்தி ஒடிந்தால் மறு அறுவை.

இது பல மணி நேரம் பிடிக்கும் பெரிய அறுவை. இரத்த இழப்பு, தொற்று, நரம்புப் பாதிப்பு ஆகிய ஆபத்துகள் உண்டு. எலும்பு மெலிந்தவர்களுக்குத் திருகாணி பிடிக்காமல் தளரலாம். இணைத்த பகுதி பிறகு வளையாது. குனிந்து எடுப்பது கடினமாகும். ஆதலால் பெரும்பாலோருக்கு உடற்பயிற்சியும் மருந்துமே முதல் வழி. அவை பயனளிக்காமல் நடையே முடங்கும்போது, இழப்பதையும் பெறுவதையும் நோயாளியும் மருத்துவரும் சேர்ந்து எடைபோட வேண்டும்.

இனி அந்த முதியவரைக் காணும்போது, அவர் தசைகள் தாங்கும் அந்த 60 கிலோவை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கைப்பையை வாங்கிக்கொண்டு, அவர் வேகத்திலேயே கூட நடந்து செல்லுங்கள்.