மாட்டின் பெருவயிறும் மாட்டுப் பொங்கற் சோறும்

தை மாதம் இரண்டாந் தேதியன்று மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புகளுக்கு வர்ணம் பூசி, கழுத்தில் நெட்டிமாலையும் மணியுங் கட்டி, படைத்த பொங்கலை வாழையிலையில் வைத்து ஊட்டுவது தமிழ்நாட்டுக் குடியானவர் வீடுகளில் தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். ஆண்டு முழுவதும் உழைத்த ஜீவன்களுக்கு ஒரு நாளேனும் நன்றி செலுத்தவேண்டுமென்னும் எண்ணம் போற்றத்தக்கதே. ஆயினும், அவ்வாறு ஊட்டப்பெற்ற மாடுகளிற் சில மறுநாட் காலையில் தீனியைத் தொடாமலும் அசைபோடாமலும் தலையைத் தொங்கவிட்டு நிற்பதையும், அவற்றுள் சில இரண்டொரு நாட்களில் இறந்துபோவதையும் கால்நடை வைத்தியர்கள் காண்கிறார்கள். கண்ணேறு பட்டதென்று சூடஞ் சுற்றுவோர் உண்டு. விஷம் வைத்துவிட்டார்களென்று அண்டை வீட்டார்மேற் சந்தேகங்கொள்வோரும் உண்டு. உண்மையில் அம்மாட்டைக் கொன்றது அன்போடு ஊட்டிய சோறேயாகும்.

மனிதனுக்கு ஆகாரமாயுள்ள சோறு மாட்டுக்கு நஞ்சாவது எங்ஙனம் என்பதை அறிய, முதலில் மாட்டின் வயிற்றைப் பற்றித் தெரிந்துகொள்ளவேண்டும். மாட்டுக்கு மேல்தாடையின் முன்புறத்தில் பற்கள் கிடையா. அது புல்லை நாவினாற் சுற்றி இழுத்து, நன்றாக மெல்லாமலே விழுங்குகின்றது. விழுங்கிய தீனி சென்று சேருமிடம் பெருவயிறு. மாட்டின் இரைப்பை நான்கு அறைகளுடையது. அவற்றுட் பெரியதும், வயிற்றின் இடப்பக்கம் முழுவதையும் அடைத்துக்கொண்டிருப்பதும் இப்பெருவயிறே. பெரிய மாடுகளில் இது 100 லிட்டருக்கு மேலுங் கொள்ளும். அதையடுத்துத் தேன்கூட்டைப் போன்ற உட்சுவருள்ள இரண்டாம் வயிறும், புத்தகத்தின் ஏடுகளைப் போன்ற மடிப்புகளுள்ள மூன்றாம் வயிறும் இருக்கின்றன. நான்காவதே நம்முடைய இரைப்பையைப் போல ஜீரணநீர் சுரப்பது. மாடு ஓய்ந்து படுத்திருக்கும்போது பெருவயிற்றிலுள்ள தீனியைச் சிறிது சிறிதாக வாய்க்குக் கொண்டுவந்து மீண்டும் மெல்வதையே அசைபோடுதல் என்கிறோம். நாளொன்றுக்குச் சுமார் எட்டு மணி நேரம் மாடு இவ்வேலையிற் கழிக்கின்றது. தொழுவத்துக்குள் நுழைந்தவுடன் எத்தனை மாடுகள் அசைபோடுகின்றன என்று பார்க்கும் குடியானவர், வைத்தியருடைய பரீட்சையிற் பாதியைத் தாமே செய்தவராவார். மீதிப் பாதியும் கடினமானதன்று. இடப்புறம் கடைசி விலாவெலும்புக்குப் பின்னாலுள்ள பள்ளத்தில் முஷ்டியை அழுத்திவைத்தால், நல்ல நிலையிலுள்ள மாட்டில் நிமிஷத்துக்கு ஒன்று அல்லது இரண்டு முறை பெருவயிறு புரண்டு கையைத் தள்ளுவது தெரியும்.

வைக்கோலிலும் தட்டையிலும் உள்ள நாரைச் ஜீரணிக்கும் சக்தி மாட்டின் உடலுக்கு இல்லை. மனிதனுக்கு எவ்வளவு இயலாதோ அவ்வளவே மாட்டுக்கும் இயலாது. அவ்வேலையை மாட்டுக்காகச் செய்பவை பெருவயிற்றில் வாழும் நுண்ணுயிர்களாகும். 1843-ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்தில் குரூபி, டெலாபோன் என்னும் இருவர் பெருவயிற்று நீரைப் பூதக்கண்ணாடி வழியாக நோக்கி, அதில் எண்ணிறந்த சிற்றுயிர்கள் நீந்துவதை எழுதிவைத்தார்கள். அவற்றினும் மிக நுண்ணியவையான பாக்டீரியாக்கள் அந்நீரின் ஒரு மில்லிலிட்டரில் ஆயிரங் கோடி அளவில் இருப்பதாகப் பிற்காலத்து ஆராய்ச்சிகள் காட்டின. இவை நாரைப் புளிக்கவைத்துச் சில அமிலங்களாக மாற்றுகின்றன. அவ்வமிலங்கள் இரத்தத்திற் கலந்து மாட்டுக்குச் சக்தியளிக்கின்றன. பெருகிய நுண்ணுயிர்களும் தீனியோடு நான்காம் வயிற்றுக்குச் சென்று ஜீரணமாகி, மாட்டுக்கு வேண்டிய புரதச்சத்தின் பெரும்பகுதியாகின்றன. ஆகவே, மாட்டுக்குத் தீனி போடுகிறவர் மெய்யாகத் தீனி போடுவது இந்நுண்ணுயிர்களுக்கே. திமிலுடைய மாடுகளைச் சிந்து நதிக்கு மேற்கிலுள்ள பிரதேசத்தில் சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன் பழக்கியவர்களுக்கு இவ்விஷயம் ஒன்றுந் தெரியாது. எனினும், தனக்கு உதவாத புல்லைப் பாலாகவும், உழவாகவும், எருவாகவும் மாற்றித் தரும் பிராணியை மனிதன் அன்று தேர்ந்துகொண்டதன் இரகசியம் இதுவேயாகும்.

இந்நுண்ணுயிர்கள் மெல்ல வேலை செய்பவை. நாரிலிருந்து அமிலம் சிறிது சிறிதாகவே உண்டாகின்றது. அசைபோடும்போது சுரக்கும் உமிழ்நீர் காரத்தன்மை உடையதாகையால் அவ்வமிலத்தின் வேகத்தைத் தணிக்கின்றது. பெரிய மாடொன்று நாளைக்கு 100 லிட்டர் வரையிலும் உமிழ்நீர் சுரக்கும். ஒரே வேளையில் மூன்று நான்கு படி அரிசிச் சோறு உள்ளே சென்றாலோ நிலைமை முற்றிலும் மாறுகின்றது. சோற்றிலுள்ள மாவுச்சத்து சில மணி நேரத்துக்குள் புளித்துவிடுகின்றது. வெல்லம் சேர்ந்த பொங்கல் இன்னும் விரைவாகவே புளிக்கும். சோற்றை அசைபோட வேண்டியதில்லையாதலால் உமிழ்நீரும் குறைகின்றது. அமிலம் மிகுந்தவுடன் நாரைச் ஜீரணிக்கும் நல்ல நுண்ணுயிர்கள் மாள, தயிரைப் புளிக்கவைக்கும் இனத்தைச் சேர்ந்தவை பெருகி மேலும் மேலும் அமிலத்தை உண்டாக்குகின்றன. உடலிலுள்ள நீரெல்லாம் இரத்தத்திலிருந்து பெருவயிற்றுக்குள் இழுக்கப்படுகின்றது. வயிறு நிறைய நீரிருந்தும் மாடு வறண்டு சாகின்றது.

நோய்க்குறிகள் 12 மணி முதல் 24 மணி நேரத்துக்குள் தோன்றுவது வழக்கம். மாடு தீனியை வெறுக்கும். பெருவயிற்றின் அசைவு நின்றுவிடும். இடப்பக்கம் உப்பி, தட்டினால் நீர் தளும்புவதுபோலிருக்கும். சாணம் புளித்த நாற்றத்தோடு தண்ணீராகக் கழியும், அதில் சோற்றுப் பருக்கைகளுங் காணப்படும். பின்பு கண்கள் குழிவிழுந்து, நடை தள்ளாடி, மாடு படுத்துவிடும். படுத்துவிட்ட மாட்டைக் காப்பாற்றுவது கடினம். ஆகவே, அதிகமாகச் சோறு தின்றுவிட்டதென்று தெரிந்தவுடனேயே, குறிகளுக்குக் காத்திராமல், கால்நடை வைத்தியருக்குச் சொல்லியனுப்பவேண்டும். ஆப்பச்சோடாக் கரைசல், சிரையில் ஏற்றும் மருந்து, ஆரோக்கியமான மாட்டின் பெருவயிற்று நீரைக் கொடுத்தல், மிஞ்சினால் வயிற்றைத் திறந்து சோற்றை அகற்றுதல் முதலிய சிகிச்சைகள் இருக்கின்றன. எதற்கும் நேரமே முக்கியம். எழ இயலாத மாட்டுக்கு வீட்டார் கஷாயத்தை மூங்கிற் குழலால் ஊற்றுவது தவறு. அது நுரையீரலுக்குட் சென்று வேறொரு வழியில் மாட்டைக் கொன்றுவிடும். பிழைத்த மாடுகளிலும் சிலவற்றுக்குக் குளம்பில் அழற்சி கண்டு, வாரக்கணக்கில் நொண்டுவதுண்டு.

பொங்கலன்று மட்டுமே இவ்வபாயம் உள்ளதென்று எண்ணலாகாது. கலியாண வீட்டிலும் அன்னதானத்திலும் மிஞ்சிய சோற்றை வீணாக்கலாகாதென்று தொட்டியிற் கொட்டுவதாலும், அறுவடைக் களத்தில் இரவில் தும்பை அவிழ்த்துக்கொண்ட மாடு நெற்குவியலை மேய்வதாலும் இதே விபத்து நேருகின்றது. தை மாதத்தில் பண்டிகையும் சம்பா அறுவடையும் ஒன்றாக வருகின்றன. மாதக்கணக்கில் வைக்கோலையே தின்றுவந்த மாட்டுக்கு முன்னால் சோறும் நெல்லும் ஒரே சமயத்திற் குவிகின்றன. வழக்கத்தை விடவேண்டுமென்று யாருஞ் சொல்லவில்லை. படைத்த பொங்கலில் மாட்டுக்கு இரண்டொரு கவளம் கொடுத்தாற் போதும். வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் தம் கையாற் கொடுக்க விரும்பினால், கரும்புத்தோகையும், அகத்திக் கீரையும், ஆளுக்கொரு வாழைப்பழமுமாகக் கொடுக்கலாம். மாடும் அவற்றைச் சோற்றைவிட விரும்பித் தின்னும். தானியமோ தீவனமாவோ அதிகப்படுத்த வேண்டியிருந்தால் இரண்டு மூன்று வாரங்களிற் சிறிது சிறிதாகக் கூட்டிவரவேண்டும்.

இதில் கிராம அதிகாரிகள் செய்யக்கூடியதும் சிறிதன்று. பண்டிகைக்கு முன்வாரத்தில் ஒருமுறை ஒலிபெருக்கியில் எச்சரிக்கை செய்வித்தால், ஊரில் இரண்டொரு மாடாவது தப்பும். விஷம் வைத்ததாகப் பிராது வந்தால், பிரேதத்தைப் புதைக்குமுன் கால்நடை வைத்தியரைக்கொண்டு அறுத்துப் பார்க்கும்படி வற்புறுத்தவேண்டும். பெருவயிற்றில் புளித்த சோறு நிரம்பியிருப்பதைக் கண்ணாற் கண்டபின், தலைமுறைக்கு நீளக்கூடிய பகை அங்கேயே அடங்கிவிடும். இன்ஷ்யூரன்ஸ் செய்த மாடாயின் ஈட்டுத்தொகைக்கும் வைத்தியரின் சான்று தேவைப்படும்.

சோறு மிகுந்து சாகும் மாடுகள் சிலவே. நுண்ணுயிர்களுக்குப் போதிய ஆகாரமின்றி ஆண்டு முழுவதும் மெலிந்து நிற்கும் மாடுகளோ பல. அவை செழிப்பாக வேலை செய்யத் தீனியில் நூற்றுக்கு 7 பங்கேனும் புரதம் இருக்கவேண்டும். நெல் வைக்கோலில் இருப்பது 3 அல்லது 4 பங்கே. அதனால்தான் வயிறு புடைக்க வைக்கோல் தின்ற மாடும் கோடையில் எலும்புந்தோலுமாகின்றது. வேலிமசால், அகத்தி, சூபாபுல் இவற்றின் தழையை வைக்கோலோடு சேர்த்துப் போடுவதே எளிய பரிகாரம். தழை கிடைக்காதவர்கள் யூரியா ஊட்டிய வைக்கோலைத் தயாரிக்கலாம். 100 கிலோ உலர்ந்த வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைச் சுமார் 50 லிட்டர் நீரில் முழுவதுங் கரைத்து, வைக்கோலை அடுக்கடுக்காகப் பரப்பித் தெளித்து, மிதித்து இறுக்கி, காற்றுப் புகாதபடி தார்ப்பாயினால் மூடி 21 நாள் வைக்கவேண்டும். திறந்தபின் அன்றாடத் தேவைக்கு எடுத்ததைச் சிறிது நேரம் உலர்த்தி, மூக்கைத் துளைக்கும் நெடி போனபின்பு, முதலிற் சிறிதளவாகப் போட்டுப் பழக்கவேண்டும்.

யூரியாக் கரைசல் உள்ள வாளியை மாடு எட்டும் இடத்தில் வைக்கலாகாது. அதை அப்படியே குடித்த மாடு சில மணி நேரத்துக்குள் இறக்கும். ஆறு மாதம் நிறையாத கன்றுகளுக்கும் இவ்வைக்கோலைப் போடலாகாது. அவற்றின் பெருவயிறும் அதிலுள்ள நுண்ணுயிர்களும் இன்னும் வளர்ந்து வருபவையே.