சத்தமில்லாமல் பொய் சொல்லும் உதாரணம்

போன மாதம் பழைய தமிழ் நூல் ஒன்றில் ஒரு சொல்லுக்குச் சராசரியாக எத்தனை எழுத்து என்று எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டே சொச்சம் வந்தது. ‘அந்தக் காலத்துல சொல்லெல்லாம் குட்டி குட்டியா இருந்திருக்கு’ என்று குறிப்பேட்டில் எழுதியும் வைத்துவிட்டேன்.

தப்பு நூலில் இல்லை. நான் அப்படியே காப்பி அடித்த உதாரணத்தில் இருந்தது.

ஒரு சின்ன பைதான் லைப்ரரியின் ஆவணப் பக்கம். ‘லென்’ போட்டு சொல்லின் நீளத்தை எடு, அதை மூன்றால் வகு என்று இருந்தது. பைதான் 2 காலத்தில் இதற்கு அர்த்தம் உண்டு. அப்போது சாதாரண சரம் என்பது வெறும் பைட் வரிசை. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். ‘தமிழ்’ என்பதற்கு 15 வரும், வகுத்தால் 5. 2008 டிசம்பரில் வந்த பைதான் 3-இல் சரமே யூனிகோட் ஆகிவிட்டது. லென் நேரடியாக 5 தருகிறது. அதையும் மூன்றால் வகுத்தால் 1.67!

கவனிங்க, எந்தப் பிழைச் செய்தியும் வராது. அடைப்புக்குறி இல்லாத பழைய ‘பிரிண்ட்’ என்றால் ஓட்டியவுடனே கத்தும், திருத்திவிடுவோம். இந்த மாதிரி உதாரணம் சத்தமே போடாமல் தப்பான விடை தரும். அதுதான் ஆபத்து.

வகுத்தலை நீக்கித் திருத்தம் அனுப்பினேன். ஆனால் நாளைக்கு இதுவும் பழசாகும். அதற்குத்தான் பைதானிலேயே ‘டாக்டெஸ்ட்’ இருக்கிறது. 2001-இல் வந்த 2.1 பதிப்பிலிருந்தே உண்டு. ஆவணத்தில் மூன்று ‘>’ குறிகளோடு தொடங்கும் வரிகளை ஓட்டிப் பார்த்து, கீழே எழுதியிருக்கும் விடையோடு ஒப்பிடும். ஒத்துப்போகவில்லையென்றால் சொல்லிவிடும். புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் ஓட்டினால் போதும். பழைய உதாரணம் இப்போது கத்த ஆரம்பிக்கும்.

ஆனாலும் ஒரு விஷயம். 5 என்பதும் எழுத்துக் கணக்கு இல்லை. த, மி, ழ் என்று நாம் எண்ணினால் மூன்றுதான். இகரக் குறியையும் புள்ளியையும் கணினி தனியாக எண்ணுகிறது. டாக்டெஸ்ட் 5-ஐப் பார்த்து ‘சரி’ என்றே சொல்லும். எழுதியதும் ஓடியதும் ஒன்றா என்பதுதான் அதற்குத் தெரியும். அந்த 5 எதன் எண்ணிக்கை என்பதை நாம்தான் எழுத வேண்டும். உதாரணத்துக்கு மேலே அந்த ஒரு வரியையும் சேர்த்தேன்.

குறிப்பேட்டில் இருந்த வரியை அடித்துவிட்டேன். மறுபடி முதலிலிருந்து எண்ணணும்.