பிள்ளை ஆசிலாஸ்கோப் கேட்டால்...

மளிகைக் கடைக்கும் ஆசிலாஸ்கோப்புக்கும் என்ன சம்பந்தம் என்று உறுப்பினர்கள் கேட்கலாம். நம்மில் பலருடைய பிள்ளைகள் பாலிடெக்னிக்கிலும் என்ஜினீயரிங் கல்லூரியிலும் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறார்கள். மாடி அறையில் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளை ஒருநாள் கல்லாவுக்கு எதிரில் வந்து, "அப்பா, ஒரு ஸ்கோப் வாங்கணும்" என்று நிற்கும். விலையைக் கேட்டால் சில குவிண்டால் பருப்பின் முதல். ஆகவே விஷயம் தெரிந்து வாங்குவது நல்லது.

மாலையில் கல்லாவை எண்ணி ஒரே தொகையாகச் சொல்வது மல்டிமீட்டர். காலை முதல் எந்த நேரத்தில் எவ்வளவு ஏறியது, இறங்கியது என்று கோடாக வரைந்து காட்டுவது ஆசிலாஸ்கோப். நம் எலெக்ட்ரானிக் தராசையே பாருங்கள். தட்டுக்கு அடியிலுள்ள லோடு செல் கொடுப்பது சில மில்லிவோல்ட் மட்டுமே. அடாப்டரிலிருந்து வரும் மின்சாரத்தில் அலைச்சல் இருந்தால், தட்டில் ஒன்றும் வைக்காமலே கடைசி எண் துள்ளக்கூடும். மல்டிமீட்டர் சராசரியைச் சொல்வதால் 'வோல்டேஜ் சரி' என்றே காட்டும். ஸ்கோப்பிலோ நேர்க்கோடாக இருக்க வேண்டியது ரம்பப் பல்லாகத் தெரிந்துவிடும். (இதற்காகக் கடைத் தராசைப் பிள்ளையிடம் கொடுத்துவிட வேண்டாம். சட்டமுறை எடையளவுச் சட்டம், 2009-ன்படி உரிமம் பெற்றவர்தான் அதைப் பழுதுபார்க்கலாம். பிறகு மறுமுத்திரையும் வேண்டும்.)

விற்பவர் முதலில் சொல்வது மெகாஹெர்ட்ஸ் கணக்கு. இதில்தான் ஏமாற்றம் அதிகம். 50 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப் என்றால் 50 வரை எல்லாம் சரியாகக் காட்டும் என்று பொருளல்ல. அந்த எல்லையில் உள்ளதில் சுமார் 70 சதவீதத்தைத்தான் காட்டும். அதாவது ஒரு கிலோவை 700 கிராம் என்று காட்டும் தராசு மாதிரி. அதனால் பார்க்க வேண்டிய வேகத்தைப் போல் ஐந்து மடங்கு இருக்க வேண்டும் என்பது வழக்கம். பிள்ளைகள் பழகும் ஆர்டுயினோ ஊனோ பலகையின் கடிகார வேகம் 16 மெகாஹெர்ட்ஸ். அதற்கு 100 மெகாஹெர்ட்ஸ் தாராளம். 50-லும் வேலை நடக்கும், சதுர அலையின் மூலை மழுங்கித் தெரியும், அவ்வளவுதான். ஆடியோ ஆம்ப்ளிஃபயர் மட்டும் செய்கிறவருக்கு இதில் கால்வாசிகூடத் தேவையில்லை.

அடுத்தது சாம்பிள் வேகம். மூட்டை எடை சாக்கோடு சேர்த்தா என்று நாம் கேட்பதுபோல, இந்த எண் ஒரு சேனலுக்கா, எல்லாவற்றுக்கும் சேர்த்தா என்று கேட்க வேண்டும். பலரும் வாங்கிய ரைகால் டிஎஸ்1054இசட் மாடலில் விநாடிக்கு 100 கோடி சாம்பிள் என்பது ஒரு சேனலுக்குத்தான். நான்கையும் போட்டால் தலைக்கு 25 கோடி. சேனல் இரண்டு இருந்தால் ஆரம்பத்துக்குப் போதும்.

'எட்டு பிட்', 'பன்னிரண்டு பிட்' என்பார்கள். பத்துக் கிலோவை 256 படியாகப் பிரித்தால் ஒரு படி 39 கிராம். 4,096 படியாகப் பிரித்தால் இரண்டரைக் கிராம்கூட இல்லை. ரைகால் டிஎச்ஓ800 வரிசையில் இந்தப் பன்னிரண்டு பிட் வந்துவிட்டது. புதிதாக வாங்குவதானால் நமது சிபாரிசு அந்த ரகமே.

மலிவாகக் கிடைக்கும் டிஎஸ்ஓ138 கிட் வெறும் 200 கிலோஹெர்ட்ஸ். பள்ளிப் பிள்ளைக்குப் பூட்டிப் பார்க்க நல்லது, அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். பழைய படக்குழாய் ஸ்கோப் மலிவு விலைக்கு வந்தால் ஓடவிட்டுப் பார்த்தே வாங்கவும். அதற்குள் ஆயிரக்கணக்கான வோல்ட் உண்டு, நிறுத்திய பிறகும் தங்கியிருக்கும்.

விலையைவிடப் பெரிய விஷயம் ஒன்று. மேஜை ஸ்கோப்பின் புரோபில் தொங்கும் கறுப்புக் கிளிப், பிளக்கின் எர்த் பின்னோடு நேராக இணைந்தது. 230 வோல்ட் லைனில் ஓடும் எல்.இ.டி. டிரைவரிலோ அடாப்டரின் லைன் பக்கத்திலோ அதை மாட்டினால் ஷார்ட் ஆகி வெடிக்கும். இதைத் தவிர்க்க எர்த் பின்னை வெட்டிவிடு என்று யோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஒருபோதும் கூடாது. அப்புறம் ஸ்கோப்பின் உலோகப் பகுதிகளே லைனாகிவிடும், தொடும் கை பிள்ளையுடையது. லைனைப் பார்க்க டிஃபரென்ஷியல் புரோப் என்று தனியாக உண்டு. அது வரும்வரை பேட்டரியில் ஓடுவதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

பில்லைக் கடை ஜி.எஸ்.டி. எண்ணில் போட்டுத்தரச் சொல்லலாமா என்றால், சொந்த உபயோகத்துக்கு வாங்கும் பொருளுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. பிள்ளை பெயரிலேயே வாங்கி, வாரண்டி சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். கடையை விட்டுக் கிளம்புமுன் ஸ்கோப் முகப்பிலேயே உள்ள 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை முனையில் இரண்டு புரோபையும் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். படிக்கல் வைத்துத் தராசு பார்ப்பது போலத்தான் இதுவும்.