கோழிக்கும் டென்ஷன் உண்டு!

ஞாயிற்றுக்கிழமை. நாட்டுக்கோழி ஒன்றை வாங்கி, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டபடி ஜம்மென்று வந்துகொண்டிருந்தேன். எதிரே மாடி வீட்டு கால்நடை டாக்டர்.

''ஏம்ப்பா, உன்னை இப்படித் தொங்கவிட்டா ஒத்துப்பியா?''

''சும்மாதானே சார் இருக்கு? கத்தக்கூட இல்லையே!''

''அது சும்மா இல்லப்பா, பயத்துல உறைஞ்சு கிடக்கு!''

பிடித்துக்கொண்டார்.

''சிறுநீரகத்தை ஒட்டி ரெண்டு குட்டி அட்ரினல் சுரப்பி இருக்கு. நீ கை வெச்ச உடனே மூளையிலேர்ந்து நரம்பு வழியா அதுக்கு போன் போகும். அட்ரினலின் கொட்டும், இதயம் தடதடக்கும். அடுத்தது, ரத்தம் வழியா தபால்! ஹைப்போதலாமஸ் சொல்ல, பிட்யூட்டரி ஏ.சி.டி.ஹெச். ஹார்மோனை அனுப்ப, அட்ரினல் கார்டிகோஸ்டீரோனைச் சுரக்கும். மூணு நிமிஷத்துலயே ரத்தத்துல ஏற ஆரம்பிச்சுடும்.''

''நமக்கும் இப்படித்தானா சார்?''

''நமக்கு கார்டிசால். அட்ரினலின் சுரப்பியோட நடுவுல, கார்டிசால் வெளிச்சுத்துல... தனித்தனி ரூம். பறவைக்கு ஒரே ஹால், ரெண்டு வகை செல்லும் கலந்து கிடக்கும். நிமிர்த்திப் பிடிச்ச பிராய்லர் கோழியைவிட தலைகீழாப் பிடிச்சதுக்கு இந்த ஹார்மோன் அதிகம்னு 1996-லயே அளந்து எழுதிட்டாங்க. அதுக்கு நம்மை மாதிரி உதரவிதானமும் கிடையாது. தலைகீழாத் தொங்கினா குடல் காற்றுப்பையை அழுத்தும், மூச்சு முட்டும்!''

அவசரமாக நிமிர்த்தி, இறக்கையோடு சேர்த்து மார்பில் அணைத்துக்கொண்டேன். உள்ளங்கையில் அதன் இதயத் துடிப்பு. மேனேஜர் ரூம் வாசலில் எனக்கு அடிக்குமே, அதே அடி!

குழம்பு வைத்தோமா என்கிறீர்களா? வைத்தோம். ஆனால், கடைசிப் பயணமாவது மரியாதையாக நடந்தது.